அந்த வீடியோ உங்க போன்ல இன்னும் இருக்கா?



எந்த வீடியோன்னு நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். 2025 ஜூலை 12, ஆரம்பாக்கம். ஒரு சிறுமி கடத்தப்பட்ட சிசிடிவி காட்சி. சந்தேக நபர் பிடிபட்டது ஜூலை 25-ல்தான். நடுவில் போன அந்தப் பதிமூன்று நாளில் அந்தக் காட்சி நுழையாத வாட்ஸ்அப் குரூப் தமிழ்நாட்டிலேயே இருந்திருக்காது. சிப்காட் கம்பெனி ஷிப்ட் குரூப், திருவிழா கமிட்டி குரூப், பழைய பத்தாங்கிளாஸ் பசங்க குரூப், அப்புறம் எல்லாக் கட்சிகளோட குரூப்பும்தான்.

அந்தக் குழந்தையைப் பற்றி இதற்கு மேல் ஒரு விவரம்கூட இந்தப் பதிவில் இருக்காது. வயசு, பள்ளி, தெரு எதுவும் கிடையாது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவே.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வந்த கோபம் நியாயமானது. இத்தனை நாள் ஏன் ஆச்சு என்று போலீஸைக் கேட்டது நியாயம், அரசைக் கேட்டதும் நியாயம். போலீஸ் வெளியிட்ட சந்தேக நபரின் படத்தைப் பரப்பியதும் தேவையான வேலைதான். அந்த முகம் எல்லாருக்கும் தெரிந்தால்தான் ஆள் கிடைப்பான். ஆனால் குழந்தையும் இருக்கிற காட்சி வேறு விஷயம். அதைப் பார்த்துத் துப்புக் கொடுக்க வேண்டியது போலீஸுக்கு. "நெஞ்சு பதறுது, பார்க்கும் அனைவரும் பகிரவும்" என்று கீழே எழுதி நாலு குரூப்புக்குத் தட்டிவிடுவதால் அந்தக் குழந்தைக்கு என்ன கிடைத்தது?

முகத்தை மங்கலாக்கிட்டாங்களே என்று சிலர் சொல்வார்கள். சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது போதும். நம்ம ஊர்க்காரருக்கு முகம் எதுக்கு? நடையைப் பார்த்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்கிற ஊர் இது. அந்தக் குழந்தை இதே ஊரில் வளரணும், இதே பஸ்ஸில் ஏறணும், நாளைக்கு காலேஜுக்கு இதே மின்சார ரயிலைப் பிடிக்கணும். அன்றைக்கும் யாரோ ஒருத்தர் கேலரியில் அந்தக் காட்சி இருக்கும்.

சட்டம் இதில் ரொம்பத் தெளிவாக இருக்கிறது. 2012 போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது பத்திரிகை, டிவிக்குத்தானே என்று நினைக்காதீங்க. ஆயிரம் பேர் பின்தொடர்கிற உங்க ஃபேஸ்புக் ஐடியும் இன்றைக்கு ஒரு மீடியாதான். 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பெயர் சொல்லாவிட்டாலும், மறைமுகமாக அடையாளம் தெரிகிற மாதிரி எதையும் வெளியிடக் கூடாது என்றது. இறந்துபோனவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

சட்டத்தை எழுதிய அரசாங்கமே இதில் வழுக்கி விழுந்த கதையும் இருக்கிறது. பொள்ளாச்சி வழக்கில், தைரியமாகப் புகார் கொடுத்த மாணவியின் பெயர் 2019-ல் போலீஸ் தரப்பிலிருந்தே வெளியே வந்தது, அரசாணையிலும் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கு. எஃப்ஐஆர் விவரங்கள் இணையத்தில் கசிந்தன. சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2019-ல் ஒரு ஆட்சி, 2024-ல் வேறு ஆட்சி, தொகை மட்டும் மாறவில்லை. ஆனால் அந்த எஃப்ஐஆர் எப்படிக் கசிந்தது என்பது ஒரு கேள்வி என்றால், கசிந்ததை எடுத்து "ஆதாரம் இதோ" என்று ஊரெல்லாம் சுற்றவிட்டது யார் என்பது இன்னொரு கேள்வி. அதற்கான பதிலில் ஒரு கட்சியும் தப்பாது.

சரி, இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வு என்று சொல்லிவிட்டு ஏன் பெரியவர்களைத் திட்டுகிறாய் என்று கேட்கலாம். பள்ளிகளில் நடக்கிற விழிப்புணர்வு வகுப்பில் பொதுவாக என்ன சொல்கிறார்கள்? தெரியாதவங்ககிட்ட சாட் பண்ணாதே, போட்டோ அனுப்பாதே, பாஸ்வேர்டு சொல்லாதே. எல்லாம் சரிதான். ஆனால் ஏமாந்து ஒரு போட்டோ போய்விட்டது என்று வையுங்கள். அடுத்து அவன் பேசுகிற வசனம் எப்போதும் ஒன்றுதான்: "சொன்னதைச் செய்யலன்னா இதை உங்க ஊர் குரூப்ல போட்டுடுவேன்."

இந்த மிரட்டல் ஏன் பலிக்குது, யோசிச்சுப் பாருங்க. ஊர் குரூப்பில் போட்டால் ஊர் பார்க்கும், பார்த்து அடுத்த குரூப்புக்கு அனுப்பும் என்று அந்தப் பிள்ளைக்கு நிச்சயமாகத் தெரியும். அப்பா போனில் இப்படி எத்தனை வந்தது, அப்பா அதை என்ன பண்ணார் என்று அது பார்த்திருக்கிறது. மிரட்டுகிறவனிடம் இருப்பது ஒரே ஒரு போட்டோ. அதைப் பத்தாயிரம் ஆக்கித் தரப்போவது நாம்தான். அவனுக்கு முதலே நம்ம ஃபார்வர்டு பட்டன்தான். பொள்ளாச்சியில் அத்தனை பெண்கள் அவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்ததற்கு இந்தப் பயம் ஒரு பெரிய காரணம். விஷயம் வெளியே வந்த பிறகும் நடந்தது என்ன? அந்த வீடியோக்களையே கண்டனம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். 2025 மே 13-ல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்ததே, அதற்குக் காரணம் அத்தனைக்கும் பிறகு நீதிமன்றம் வந்து சாட்சி சொன்ன அந்தப் பெண்கள். சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் அன்றைக்குச் சொன்னார். ஃபார்வர்டு பண்ணினவர்களுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

இப்போ நம்ம மாவட்ட நீதிமன்றத்திலிருந்து டெல்லி வரைக்கும் போன ஒரு வழக்கு. 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவானது. ஒரு இளைஞரின் போனில் சிறார்களின் பாலியல் வீடியோ இரண்டு இருந்தன. அவர் யாருக்கும் அனுப்பவில்லை, தனியாகப் பார்த்தார், அவ்வளவுதான் என்பது அவர் தரப்பு வாதம். திருவள்ளூர் மகளிர் நீதிமன்றத்தில் இருந்த அந்த வழக்கை 2024 ஜனவரி 11-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குழந்தைகள் உரிமை அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. 2024 செப்டம்பர் 23-ல் அந்த ரத்து செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வழக்கு திரும்பவும் திருவள்ளூருக்கே வந்தது.

அந்தத் தீர்ப்பிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு விஷயம். அனுப்பினால்தான் குற்றம் என்றில்லை, அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதே குற்றமாகலாம். தெரியாமல் ஒரு லிங்கைத் திறந்து, இன்னது என்று தெரிந்த பிறகு சும்மா மூடிவிட்டுப் போனாலும் பொறுப்பு தீராது, புகார் செய்யணும். ஐ.டி. சட்டம் 67பி பிரிவில் முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். "சைல்டு போர்ன்" என்கிற வார்த்தையையே கோர்ட்டுகள் பயன்படுத்த வேண்டாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அது ஏதோ படம் என்கிற மாதிரி ஒலிக்கிறது, உண்மையில் அது ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் பதிவு என்பதால். எனக்கு அந்தத் தீர்ப்பிலேயே பிடித்த இடம் அதுதான்.

அந்த ஆள் யாருக்கும் அனுப்பாதபோது போலீஸுக்கு எப்படித் தெரிந்தது என்று பல பேர் கேட்பார்கள். இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதையாவது விளக்கணும் இல்லையா. ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டரால் ஒரு கைரேகை எடுக்க முடியும். ஹாஷ் என்பார்கள், படத்திலிருந்து கணக்குப் போட்டு வருகிற ஒரு நீள எண். 2009-ல் மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய போட்டோ டிஎன்ஏ என்கிற முறையில் படத்தைச் சின்னதாக்கினாலும், நிறத்தை மாற்றினாலும் அந்த ரேகை பெரும்பாலும் பொருந்திவிடும். ஏற்கெனவே தெரிந்த கொடுமைப் படங்களின் ரேகைகள் பெரிய நிறுவனங்களிடம் இருக்கின்றன. பொருந்தினால் அமெரிக்காவில் இருக்கிற காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான மையத்துக்குத் தகவல் போகும். அங்கிருந்து, 2019-ல் போட்ட ஒப்பந்தப்படி நம்ம தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கு, அப்புறம் மாநில போலீஸுக்கு, கடைசியில் உங்க ஏரியா ஸ்டேஷனுக்கு. அம்பத்தூர் வழக்கும் இந்த வழியில் வந்ததுதான். "நான் டெலீட் ஃபார் எவ்ரிஒன் கொடுத்துட்டேன் ப்ரோ" என்று சொல்கிற தம்பிகள் இதைக் கொஞ்சம் மனசில் வையுங்க.

இதே ரேகை பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் உதவும். அதே மையம் 2023-ல் "டேக் இட் டவுன்" என்று ஒரு இலவச சேவையைத் தொடங்கியது. 18 வயதுக்குள் எடுத்த தன்னுடைய அந்தரங்கப் படம் எங்காவது பரவிவிடுமோ என்று பயப்படுகிற யாரும் பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. படம் போனை விட்டு வெளியே போகாது. ரேகை மட்டும் போகும், சேர்ந்திருக்கிற தளங்கள் அதை வைத்துத் தேடித் தடுக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டும் அதில் இருக்கின்றன. ஒரு குறை உண்டு, மறைக்காமல் சொல்கிறேன்: மறையாக்கம் செய்த தனிப்பட்ட சாட்டுக்குள் ஓடுவதை இதனால் பிடிக்க முடியாது. அங்கே தடுக்கிற இடத்தில் இருப்பது படம் வந்து சேர்கிற ஆள்தான்.

வீட்டில் ஒரு பிள்ளை வந்து இப்படி ஒரு சிக்கலைச் சொன்னால், முதலில் போனைப் பிடுங்கி உடைக்காதீங்க. அதில்தான் ஆதாரமே இருக்கிறது. சாட், புரொஃபைல், நம்பர், பணம் கேட்ட யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பிளாக் பண்ணுங்க. அந்தரங்கப் படத்தை மட்டும் நீங்களாக யாருக்கும் அனுப்பிக் காட்டாதீங்க, போனோடு போலீஸிடம் போங்க. பணம் கொடுக்காதீங்க, ஒரு தடவை கொடுத்தால் அடுத்த தடவை தொகை கூடும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே 1930-க்கு அடிங்க. சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. குழந்தைகளுக்கு 1098, இருபத்துநாலு மணி நேரமும். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறைக்கு 14417 இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதியில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம்.

ஸ்டேஷன் என்றாலே குடும்பம் பயப்படும். போக்சோ 24-வது பிரிவுப்படி குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம். கூடுமானவரை பெண் எஸ்.ஐ. வரணும், யூனிஃபார்மில் வரக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு கேளுங்க, கிடைக்கலன்னா நம்ம ஒன்றிய நிர்வாகிகளைக் கூப்பிடுங்க. பையன்களைப் பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போக்சோவில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை வித்தியாசம் கிடையாது. பெண் பெயரில் போலி ஐடி வைத்து வீடியோ காலில் மாட்டவைத்துப் பணம் கேட்பது பையன்களைக் குறிவைத்துத்தான் அதிகம் நடக்கிறது. "ஆம்பளப் பையன், இதுக்கா அழுற" என்கிற ஒரு வார்த்தை போதும், அவன் அடுத்த தடவை யாரிடமும் சொல்ல மாட்டான்.

நம்ம ஏரியாவுக்கு என்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. சிப்காட்டில் அப்பாவுக்கு நைட் ஷிப்ட், அம்மாவைக் காலையிலேயே கம்பெனி வேன் வந்து கூட்டிப் போய்விடும். பிள்ளை கையில் போன். கொரோனா காலத்தில் ஆன்லைன் கிளாஸுக்கு என்று வாங்கியது, இல்லாவிட்டால் அப்பாவின் பழைய போன். அதில் அப்பாவின் ஜிமெயில், அப்பாவின் இன்ஸ்டா கணக்கு. அந்த ஆப்பைப் பொறுத்தவரை போனைப் பிடித்திருப்பது நாற்பது வயது ஆள். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு என்று கம்பெனிகள் கொடுத்திருக்கிற பாதுகாப்பு ஒன்றுகூட அங்கே வேலை செய்யாது, ஏனென்றால் அங்கே பிள்ளை இருப்பதே அதற்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சோஷியல் மீடியா கணக்கே கூடாது என்று சட்டம் போட்டார்கள். நம்ம ஊரில் அப்படிப் போட்டால் எல்லாப் பிள்ளையும் அப்பா கணக்கில்தான் இருக்கும். வேலை விட்டு வந்து போனை வாங்கிப் பார்க்கிற தெம்பு எந்த அப்பா அம்மாவுக்கும் இருக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் செட்டிங்ஸை ஒரு தடவை மாற்றி வைத்துவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அந்தப் போனில்தான் நம்ம கட்சிக் குரூப்பும் இருக்கிறது. குரூப்பில் விழுகிற வீடியோ தானாக டவுன்லோடு ஆகி கேலரியில் போய் உட்காரும். கார்ட்டூன் தேடுகிற பிள்ளைக்குக் கிடைப்பது ஆரம்பாக்கம் வீடியோ. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் மீடியா ஆட்டோ டவுன்லோடை எல்லாவற்றுக்கும் எடுத்துவிடுங்க. சாட்ஸ் என்கிற இடத்தில் மீடியா விசிபிலிட்டியை ஆஃப் பண்ணுங்க. ப்ரைவசியில் குரூப்ஸ் என்பதை மை கான்டாக்ட்ஸ் என்று வைத்தால் தெரியாத ஆள் உங்களைக் கண்ட குரூப்பிலும் இழுத்துப் போட முடியாது. இரண்டு நிமிஷ வேலை. பிள்ளைக்கு அதன் சொந்த வயதில் தனி கணக்கு தொடங்கி, கூகுள் ஃபேமிலி லிங்கில் உங்க போனோடு இணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கிளை நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. நோட்டுப் புத்தகம் கொடுக்கிற விழா, விளையாட்டுப் போட்டிப் பரிசளிப்பு, நல்ல விஷயங்கள், தொடர்ந்து பண்ணுவோம். ஆனால் பிள்ளை முகம், பெயர், வகுப்பு, பள்ளி, தெரு எல்லாவற்றையும் ஒரே போஸ்டில் போடுவது வேண்டாம். ஒரு தெளிவான முகம் கிடைத்தால் ஏஐ செயலியில் போட்டு எதையும் செய்யலாம் என்கிற காலம் இது. பின்னாலிருந்து எடுங்க, கைகளும் புத்தகமும் தெரிந்தால் போதும். தேர்தல் பிரச்சாரத்தில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியிலேயே தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிகளுக்கும் சொல்லியிருக்கிறது. படங்களுக்கும் அது பொருந்தும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆரம்பாக்கம் வழக்கில் பிடிபட்டவன் வெளிமாநிலத்தவன் என்றதும் வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிற எல்லாரையும் சேர்த்து வைத்து ஃபார்வர்டுகள் வந்தன. நம்ம மாவட்டத்துக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு என்று வாட்ஸ்அப்பில் ஆடியோவும் போட்டோவும் சுற்றியது. பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், கோயிலுக்கு வந்த சென்னைக்கார மூதாட்டி, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வருடம் நாடு முழுக்க இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான், ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாது என்கிற கட்டுப்பாட்டை ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. உங்க போனில் இருக்கிற அந்த "ஐந்து பேர்" லிமிட்டுக்குப் பின்னால் நம்ம பழவேற்காடும் இருக்கிறது. குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லித்தான் அந்த ஃபார்வர்டுகளும் வந்தன. தேர்வாய் கண்டிகையிலும் சிப்காட் குவார்ட்டர்ஸிலும் ஒடியா, இந்தி பேசுகிற குடும்பங்களின் பிள்ளைகளும் நம்ம பிள்ளைகளோடு இதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். 1098 அவர்களுக்கும் தெரியணும். பக்கத்து வீட்டில் இருந்தால் சொல்லிக் கொடுங்க.

இப்போ தலைப்புக்கு வருவோம். கேலரியைத் திறந்து 2025 ஜூலை மாதத்துக்குப் போங்க. இருந்தால் அழிங்க, டிராஷிலிருந்தும் அழிங்க. உங்க பக்கத்தில் ஷேர் பண்ணியது கிடந்தால் அதையும் எடுத்துவிடுங்க. நீங்க அட்மினாக இருக்கிற குரூப்பில் யாராவது இப்படி ஒன்றைப் போட்டால், எந்தக் கட்சிக்கு எதிராக இருந்தாலும், அட்மினுக்கு அதை எல்லாருக்கும் சேர்த்து நீக்குகிற வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்க. போட்டவரைத் திட்ட வேண்டாம், தனியாக மெசேஜ் பண்ணி ஏன் என்று சொல்லுங்க.

செட்டிங்ஸ் மாற்றத் தெரியவில்லை, இங்கிலீஷில் இருக்கு, பயமா இருக்கு என்பவர்கள் அடுத்த கிளைக் கூட்டத்துக்குப் போனைக் கையோடு கொண்டு வாங்க. ஐ.டி. விங் பசங்க நாங்க அங்கே இருப்போம். அக்கா, அம்மா யாரும் கூச்சப்பட வேண்டாம், பெண் தன்னார்வலர்களும் வருவார்கள். கேலரியை நாங்கள் திறக்க மாட்டோம், எங்கே தட்டணும் என்று மட்டும் காட்டுவோம், நீங்களே மாற்றிக்கலாம்.

#குழந்தைகள்_பாதுகாப்பு #ஃபார்வர்டு_வேண்டாம் #1098